கொண்டைப்பொத்தையின் நிழல்

பூவாணிக்குளத்துக்கு மேற்கே, சேவல் கொண்டை மாதிரி ஐந்து முனையோடு நின்றிருந்த கொண்டைப்பொத்தை என்ற கல்குன்றை நாலு வருஷமாக வெடிவைத்து உடைத்து, ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் அரைத்து, டிப்பர் டிப்பராக அள்ளிக்கொண்டு போய், கடைசியில் தரையோடு தரையாக வழித்தெடுத்து முடித்த நாற்பத்தோராம் நாள், சாயங்காலம் நாலரை மணிக்கு, அந்தப் பொத்தையின் நிழல் மட்டும் திரும்பி வந்தது.

முதலில் கண்டுகொண்டவை கோழிகள். பொத்தை நின்ற காலத்தில் அந்த ஊருக்கு ஐந்து மணிக்கே அந்தி வந்துவிடும். பொத்தை போனபிறகு வெயில் ஆறேகால் வரை நின்று அடித்ததில், எப்போது அடைவதென்று தெரியாமல் நாற்பது நாளாகக் கோழிகள் முற்றத்தில் நின்று முழித்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு ஐந்து முனையும் அப்படியே தெரிய, மேலத்தெரு மண்ணில் நிழல் ஊர்ந்து வந்ததும் அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பஞ்சாரத்துக்குள் போயின. கோழிகள் போவதைப் பார்த்த பெண்கள் மேற்கே பார்த்தார்கள். மேற்கே வெறும் வானம். சூரியன் முழுசாகத் தெரிந்தது, ஆனால் அதன் வெயில் ஒருத்தர் மேலும் படவில்லை.

ஊராட்சித் தலைவி வேலுத்தாய், தீப்பெட்டி ஆபீசில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு நாற்பத்தைந்தாம் வயதில் தேர்தலில் நின்று ஜெயித்தவள், தெருவில் இறங்கி நிழலுக்குள் ஒரு காலும் வெயிலில் ஒரு காலுமாக வைத்துப் பார்த்துவிட்டு, "அதோட நெழல்தான். குளுமையே சொல்லுதே," என்றாள். அதற்குமேல் அதில் பேச ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாளே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற பெண்கள் பசைச்சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். அங்கன்வாடி ஆயா நாலரைக்குமேல் பிள்ளைகளை வெளியே விளையாட விட்டாள். மிளகாய் வத்தல் காயப்போட்டவர்கள் நிழல் வருமுன் அள்ளப் பழகினார்கள். பெண் பார்க்க வந்த சம்பந்தக்காரர்களுக்கு அந்த நிழலில்தான் ஜமுக்காளம் விரித்தார்கள், அவர்களும் எங்கிருந்து விழுகிற நிழல் இது என்று கேட்காமல் காபியை வாங்கிக் குடித்தார்கள். காலையில் நிழல் மேற்கே கரிசல்காட்டில் விழுந்தது, ஆடுகள் அங்கே போய்ப் படுத்துக்கொண்டன. பொத்தையின் நடு முனையில் இருந்த கொண்டைச்சாமியை, பொத்தையை உடைத்த சோலார் கம்பெனி பெயர்த்துக் கொண்டுவந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் தகரக் கொட்டகைக்குள் வைத்திருந்தது. பூசாரி அந்தக் கொட்டகையைப் பூட்டிவிட்டு, நடு முனையின் நிழல் எங்கே விழுகிறதோ அங்கே விளக்கேற்ற ஆரம்பித்தார். அந்த இடம் பரமேஸ்வரி வீட்டு மாட்டுத்தொழுவமாக இருந்ததால் பெரிய சண்டை வந்து, ஐந்திலிருந்து ஆறு வரை சாமிக்கு, அதற்குப்பிறகு மாட்டுக்கு என்று பேசி முடித்தார்கள். மாதம் மாறமாற நிழல் நகர்ந்தது. சாமியும் வீடு வீடாக நகர்ந்தது. எந்த மாதம் எந்த வீட்டுக்கு வரும் என்று ஆட்கள் முன்கூட்டியே சொல்லி, வெள்ளையடித்து வைத்தார்கள்.

ஒரே ஒருத்தர் மட்டும் அந்த நிழலை மிதிக்கவில்லை. பொத்தைக் கல்லை அரைத்த கிரஷரில் எடைமேடை ஆளாக இருந்த சங்கையா, நிழல் ஊருக்குள் இருக்கிற நேரமெல்லாம் தெற்குத்தெரு சுற்றி, வெயில் வழியாகவே வீட்டுக்குப் போய்வந்தார். கேட்டவர்களுக்கு முட்டுவலிக்குச் சூடு நல்லது என்று சொன்னார்.

நிழல் வந்த மூன்றாவது வாரம் தமயந்தி வந்தாள். கோவில்பட்டிக்காரி, வயது முப்பத்தாறு. வாரத்தில் மூன்று நாள் ஒரு பாலிடெக்னிக்கில் கட்டிடப் பொருள்கள் பாடம் நடத்துவாள். மீதி இரண்டரை நாள், சென்னையில் உள்ள ஒரு ஆய்வு நிறுவனத்துக்குப் பகுதிநேர வேலை. நிலக்கரியை விட்டுவிட்டு நாடு வெயிலுக்கும் காற்றுக்கும் மாறுகிறதே, அந்த மாற்றத்தைக் கட்டி எழுப்ப எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு கம்பி, எவ்வளவு தாமிரம், எவ்வளவு கண்ணாடி ஆகிறது என்று இடம் இடமாகப் போய்ப் பார்த்து எழுதி அனுப்புகிற வேலை. அதை அவள் மனசாரச் செய்தாள். அவளுடைய அப்பா ஒரு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலியாகச் சாம்பல் அள்ளி, ஐம்பத்திரண்டாவது வயதில், வாசற்படி மூன்றை ஏறுவதற்கு மூன்று தடவை உட்கார்ந்து எழுந்து, அப்படியே ஒருநாள் எழுந்திருக்காமல் போனவர். சோலார் பிளேட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம், நீங்கள் ஒரு பத்து வருஷம் முந்தி வந்திருக்கக்கூடாதா என்று அவளுக்குத் தோன்றும்.

அவளுக்குக் கொடுத்திருந்த படிவத்தில் கல், ஜல்லி, மண் மூன்றுக்கும் நேராக "உள்ளூரில் கிடைப்பது, தாராளம்" என்று அச்சாகியே வந்திருந்தது. எண் எழுதக் கட்டம் இல்லை.

சோலார் பூங்கா அலுவலகத்தில் கொடுத்த தாள்களை வாங்கிக்கொண்டு, பேருந்துக்கு நேரமிருந்ததால் ஊருக்குள் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது நிழல் வந்து அவள் பாதத்தின் மேல் ஏறியது. மேற்கே பார்த்தாள். பக்கத்தில் நின்ற வேலுத்தாயைப் பார்த்தாள்.

"தினமும் வருமாக்கா?"

"நாலரைக்கு. மழைன்னா வராது."

"எதுவரைக்கும் போகும்?"

"கொளத்தங்கரை தொடும். அப்புறம் ஊரே இருட்டிரும், எது எதோட நெழல்னு யாரு பாக்கா."

தமயந்தி அதைக் குறித்துக்கொண்டாள். வேலுத்தாய் அவளுடைய போன் நம்பரைக் குறித்துக்கொண்டாள்.

பொத்தை நின்ற இடத்துக்கும் ஊருக்கும் நடுவே, முன்னால் உளுந்தும் சோளமும் விளைந்த காட்டில், இப்போது சோலார் பிளேட்டுகள் வரிசை வரிசையாக நின்றன. நிழல் ஊருக்குள் வருவதற்கு முன்னால் அவற்றின்மேல்தான் விழுந்து வந்தது. ஒரு வரிசையில் ஒரு பிளேட்டில் நிழல் விழுந்தாலும் வரிசை மொத்தமும் சுணங்கும் என்பார்கள். பட்டணத்தில் ஆட்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ஏ.சி.யைப் போடுகிற நேரம் பார்த்து, பூவாணிக்குளத்துப் பிளேட்டுகள் தினமும் சுணங்கின. கம்பெனி தண்ணீர் லாரி வைத்துக் கழுவிப் பார்த்தது. வயரை மாற்றிப் பார்த்தது. வெளியூரிலிருந்து ஒரு நிபுணரைக் கூட்டிவந்தது. அவர் மூன்று சாயங்காலம் கருவியோடு நின்றுவிட்டு, "நிழல் உள்ளது. நிழல் தரும் பொருள் காணப்படவில்லை," என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பொத்தையின் நிழல் என்று கம்பெனியால் எழுத முடியாது. ஏனென்றால் கம்பெனியின் தாள்களில் அங்கே பொத்தையே இருந்ததில்லை. எண்பத்திநாலு காற்றாலைக்கும், சோலார் பூங்காவுக்கும், அவற்றுக்குப் போகிற அறுபது கிலோமீட்டர் ரோட்டுக்கும் வேண்டிய கல் மொத்தமும் நாற்பது கிலோமீட்டர் தள்ளி உரிமம் பெற்ற ஒரு குவாரியிலிருந்து வந்ததாகத் தாள் இருந்தது. பூவாணிக்குளத்தில் நடந்தது "நிலம் சமன் செய்தல்" மட்டும். ஆகவே நிழலுக்கு வேறொரு காரணம் வேண்டியிருந்தது. கோட்டாட்சியருக்கு மனு போனது. பதினோராம் நாள் உத்தரவு வந்தது. ஊர்ப் பனைமரங்கள் இருநூற்றிப் பதினான்கும், மேலத்தெரு வீடுகள் நாற்பத்தொன்றும் மின் உற்பத்திக்கு இடையூறான நிழலைத் தருவதாகத் தெரியவருவதால், முதற்கட்டமாகப் பனைகளை அகற்றவேண்டியது.

சாயங்கால நிழல் மேற்கிலிருந்து கிழக்கே விழும் என்பதும், பனையும் வீடும் பிளேட்டுகளுக்குக் கிழக்கே இருக்கின்றன என்பதும் அங்கன்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உத்தரவில் திசை இல்லை. பனையை வெட்ட அனுமதி வாங்கவேண்டும் என்று சட்டம் பேசிப் பார்த்தார்கள். அனுமதியும் உத்தரவோடு சேர்த்தே ஸ்டேப்ளர் பின் அடித்து வந்திருந்தது. இரண்டு நாளில் இருநூற்றிப் பதினான்கு பனையையும் பொக்லைன் வைத்துத் தள்ளினார்கள். நுங்கு பிடித்திருந்த மரம், ஓலை வெட்டாத மரம், தூக்கணாங்குருவிக் கூடு தொங்கிய மரம் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. மூன்றாம் நாள் நாலரை மணிக்கு நிழல் வந்து, கிடந்த மரங்களின் மேலேறி, எப்போதும்போல் மேலத்தெருவுக்குள் நுழைந்தது. நாலாம் நாள், நாற்பத்தொரு வீட்டுக் கதவிலும் முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

வேலுத்தாய் தமயந்திக்குப் போன் போட்டாள்.

"டீச்சர், நீங்க எதெது எவ்வளவு இருக்குன்னு அளந்து சொல்றவுகதானே?"

"ஆமாக்கா."

"அப்ப இந்த நெழல அளந்து குடுங்க. எத வச்சுக்கிட்டு எங்க வீட்ட இடிக்கான்னு நாங்க தெரிஞ்சுக்கணும்ல."

தமயந்தி வியாழக்கிழமை வந்தாள். சனிக்கிழமையும் வந்தாள், ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். பாலிடெக்னிக்கில் விடுப்புச் சொல்லிவிட்டு அடுத்த வாரம் முழுக்க வந்தாள். பத்தடி மூங்கில் ஒன்றைத் தரையில் நட்டாள். மூங்கிலின் நிழல் எவ்வளவு நீளமோ, அதே நேரத்தில் பொத்தையின் நிழல் எவ்வளவு நீளமோ, இரண்டையும் ஒப்பிட்டால் பொத்தையின் உயரம் கிடைத்துவிடும். வடக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு லேபிள் ஒட்டுகிற பெண்கள் நிழலின் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள். கம்பெனிக் காவலாளிகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் வேலிக்கு உள்ளே விழுகிற நிழலின் அளவைத் தானே நடந்து எண்ணி வந்து மெதுவாகச் சொன்னான். காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே என்று பத்து நாள் அளந்ததில், இல்லாத பொத்தை தாளின்மேல் முழுசாக எழுந்து நின்றது. உயரம் நூற்றித் தொண்ணூற்றெட்டு அடி. கன அளவு மூன்று லட்சத்து எட்டாயிரம் கன மீட்டர். அந்தக் கல்லின் கனத்துக்கு எடை எட்டு லட்சத்துப் பதினாறாயிரம் டன்.

அந்த எண்ணைத் தமயந்தி சொன்னபோது பரமேஸ்வரி வீட்டுத் தொழுவத்துப் பக்கம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்துக்கு அப்பால், நிழல் முடிந்து வெயில் தொடங்குகிற இடத்தில் சங்கையா நின்றார்.

"எட்டு லட்சத்துப் பதினாறா, டீச்சர்?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது டி.வி.எஸ். வண்டியின் முன்னாலும் பின்னாலும் சிமெண்ட் சாக்குகள் இருந்தன. மூன்று தடவை போய்வந்து ஏழு சாக்கை இறக்கினார். சாக்குகளுக்குள் எடைச்சீட்டுகள். கம்பெனி ஒரு நகலை எடுத்துக்கொள்ளும், லாரிக்காரன் ஒரு நகலை எடுத்துக்கொள்வான், மிஞ்சுகிற அடித்தாளை என்ன செய்யவேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லாததால் கட்டிக் கட்டி வைத்திருந்தார்.

"நாப்பதாயிரத்து எண்ணூத்துச் சொச்சம் லாரி நடை," என்றார். "மொத்தம் எட்டு லட்சத்துப் பதினேழாயிரம் டன். ஒரு ஆயிரம் கூட வரும். அது மேல இருந்த மண்ணும் மரமும்."

அவர் சாக்கின் வாயைக் கட்டினார், அவிழ்த்தார், திரும்பவும் கட்டினார்.

"எல்லா நடையும் எங் கையாலதான் எடை போட்டேன். பொத்தைன்னு நெனைக்கல. டன்னுன்னுதான் நெனைச்சேன்."

வேலுத்தாய் நகர்ந்து இடம் விட்டாள். "இங்கன வந்து உக்காருங்க அண்ணாச்சி. வெயில்ல எத்தன நாளைக்கு நிப்பீக."

அவர் நிழலுக்குள் வந்து உட்கார்ந்தார். கொஞ்சநேரம் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு சீட்டிலும் கல் எங்கே போகிறது என்று எழுதியிருந்தது. காற்றாலை முப்பத்தேழு, அடித்தளம். மேலக்காடு ரோடு. துணைமின் நிலையம். கோபுரம் பன்னிரண்டு. ஆறு நாள் உட்கார்ந்து தமயந்தி அதை வரிசைப்படுத்தி முடித்தபோது, கொண்டைப்பொத்தையின் எந்த முனை எங்கே புதைந்து கிடக்கிறது என்று அவளால் விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. அந்த வாரத்து அறிக்கையில் கல் என்ற வரிக்கு எதிரே, அச்சாகியிருந்த வாசகத்தை அடித்துவிட்டு எண்ணை எழுதி, கூடவே நிழலின் படத்தையும் வைத்துச் சென்னைக்கு அனுப்பினாள்.

நிறுவனத்தின் தலைவர் டாக்டர் நிரஞ்சன் மறுநாள் காலையில் கூப்பிட்டார். அவர் யாரிடமும் குரல் உயர்த்துகிறவர் இல்லை.

"தமயந்தி, உங்க வேலையில ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா இதைச் சேர்க்க முடியாதும்மா."

"ஏன் சார்?"

"இதை யாரு எடுத்துக்குவான்னு யோசிங்க. நாளைக்கே நிலக்கரிக்காரன் மேடையில வாசிப்பான். பாருங்க, சோலார்காரனும் மலையைத் தின்னுதான் வளர்றான்னு. நாம எந்தப் பக்கம்?"

"எங்கப்பா சாம்பல் அள்ளினவர் சார். அவரு எத்தனை டன் அள்ளினாருன்னு யாரும் எழுதி வைக்கல. உள்ளூர்ல தாராளமாக் கிடைக்கிற ஆளுன்னு விட்டுட்டாங்க. அதையே நாமளும் பண்ணினா, நமக்கும் அவங்களுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

"நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க."

"ஆமா சார். எண்ணிப் பாத்தப்புறம் வந்த உணர்ச்சி."

அவர், பகுதிநேர ஊழியர்கள் தகவலை அனுப்பினால் போதும், முடிவு எழுதவேண்டியதில்லை என்று ஒப்பந்தத்திலேயே இருப்பதை நினைவுபடுத்தினார். வருத்தமான குரலில்தான் சொன்னார். அன்றைக்குப் பாலிடெக்னிக் வகுப்பில் தமயந்தி கருங்கல்லின் அடர்த்தி என்ன என்று பலகையில் எழுதிவிட்டு, மேற்கொண்டு எழுத முடியாமல் பாதியிலேயே வகுப்பை விட்டாள்.

நோட்டீஸ் கெடு முடிவதற்கு முதல்நாள், ஊர் மந்தையில் பந்தல் போட்டுக் கோட்டாட்சியர் விசாரணைக்கு வந்தார். வலதுபக்கம் கம்பெனியின் திட்ட மேலாளர் உட்கார்ந்தார். மூன்று மணிக்குத் தொடங்கியது. தமயந்தி எழுந்து அளவுகளைச் சொன்னாள், சங்கையா ஏழு சாக்கையும் மேஜைக்கு முன்னால் வைத்தார். மேலாளர் அவை திருடிய ஆவணங்கள் என்றார். கோட்டாட்சியர் இரண்டு பக்கமும் கையமர்த்திவிட்டு, கிராமப் பதிவேட்டைத் திறந்தார்.

"இங்க பாருங்கம்மா. சர்வே நம்பர் நூத்திப் பதினேழு. கல்லாங்குத்துப் புறம்போக்கு, அதாவது பாறைத் தரிசு. இத்தனை நீளம், இத்தனை அகலம். மலைன்னு எங்கேயும் இல்லையே."

"உயரம் எவ்வளவு போட்டிருக்கு சார்?" என்று தமயந்தி கேட்டாள்.

"பதிவேட்டில உயரத்துக்குக் கட்டம் கிடையாதும்மா."

"அப்ப நீங்களும் பதிவேட்டுல நீளமும் அகலமுமாத்தான் இருப்பீகளா சார்?" என்றாள் வேலுத்தாய். யாரும் சிரிக்கவில்லை. "கட்டம் இல்லாததுனால எங்க பொத்த இல்லாமப் போச்சு. எங்க பன மட்டும் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. வீடும் தெரியுது. உசரமா இருக்கதுல எது பாவப்பட்டதோ அதுதான் சார் உங்களுக்குத் தெரியுது."

நாலரை ஆகிவிட்டது. நிழல் மேலத்தெருவைக் கடந்து மந்தைக்கு வந்து, பந்தல் துணியைத் தாண்டி, கோட்டாட்சியரின் மேஜைமேல் ஏறி, திறந்திருந்த பதிவேட்டின் இரண்டு பக்கத்தையும் மூடியது. அவர் மேற்கே பார்த்தார். வெறும் வானத்தையும் அதில் நின்ற சூரியனையும் வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் வியர்வை ஆறியது. அவரும் எங்கோ ஒரு ஊரில் பிறந்தவர்தான், நிழல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பொத்தையின் நிழல் என்று எழுதினால் பொத்தையை எடுத்தது யார் என்று எழுதவேண்டும். எடுத்தது யார் என்று எழுதினால் எடுக்கவிட்டது யார் என்று எழுதவேண்டும். அந்த வரியில் அவருடைய கையெழுத்தும், அவருக்கு முன்னால் இருந்த மூன்று பேருடைய கையெழுத்தும் வரும். அவர் பேனாவைத் திறந்து, ரொம்ப நேரம் யோசித்து, "மேற்படி நிழல் நிரந்தர மேகமூட்டத்தால் ஏற்படுவது" என்று எழுதினார்.

அவர் அதை வாசித்ததும் மேலாளரின் முகம் தெளிந்தது. மேகத்துக்கு யாரும் பொறுப்பில்லை. மேகத்துக்காக வீட்டை இடிக்கவும் முடியாது. நோட்டீஸ் ரத்து. ஆட்சேபணை இல்லை என்று ஊர்மக்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அத்தோடு முடிந்தது.

தமயந்தி வேலுத்தாயின் காதுக்கருகில் குனிந்து, "போட்டுருங்கக்கா. வீடு நிக்கட்டும்," என்றாள்.

வேலுத்தாய் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வீட்டத் தர்றான். அதுக்குப் பதிலா, நாங்க கண்ணால பாத்தத மேகம்னு சொல்லச் சொல்றான். இதுல கையெழுத்துப் போட்டுட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த நெழல்ல உக்கார?"

மேலத்தெருக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீடு அவர்களுடையது. இரண்டு அறை, ஒரு கழிப்பறை, சில வீடுகளில் கல்யாணத்துக்கு இருக்கிற பெண், சில வீடுகளில் படுத்த படுக்கையாக இருக்கிற ஆள். போடமாட்டோம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, போடுகிறோம் என்று சொல்லவும் வரவில்லை. பரமேஸ்வரிதான் முதலில் எழுந்து போனாள். ஏழாவது வரை படித்தவள், நிறுத்தி நிதானமாக எழுதுவாள். கையெழுத்துக்கு எதிரே முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. பெயரைப் போட்டாள். முகவரிக் கட்டத்தில், "கொண்டைப்பொத்தை நிழல், மேலத்தெரு, பூவாணிக்குளம்" என்று எழுதிவிட்டுப் பேனாவை அடுத்தவளிடம் கொடுத்தாள்.

அடுத்தவள் பார்த்தாள். அவளும் அதையே எழுதினாள். அதற்கடுத்தவரும் எழுதினார். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள், அவர்களுக்கு முகவரியைச் சங்கையா எழுதிக் கொடுத்தார். பூசாரி எழுதினார், அங்கன்வாடி ஆயா எழுதினாள், கடைசியில் வேலுத்தாய் எழுதி, ஊராட்சி முத்திரையையும் வைத்தாள். நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு வரியாக நிழல் இறங்கிய தாளில், மேகம் என்று சொல்கிற ஒரே ஒரு வரிக்குக் கீழே, கொண்டைப்பொத்தை நூற்றுப் பன்னிரண்டு தடவை நின்றது. கோட்டாட்சியர் தாளைக் கையில் வாங்கி மேலிருந்து கீழே வாசித்தார். மேலாளர் எட்டிப் பார்ப்பதற்குள் மடித்துக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். வண்டியில் ஏறும்போது தமயந்தியிடம், "சான்றிட்ட நகல் வேணும்னா மனுப் போடுங்கம்மா. இது இப்ப அரசு ஆவணம்," என்று மட்டும் சொன்னார்.

நிறுவனத்தின் அறிக்கை மூன்று மாதம் கழித்துப் பளபளப்பான அட்டையோடு வந்தது. கல்லுக்கு எதிரே "தாராளம்" என்றுதான் இருந்தது. அதற்கு முன்பே தமயந்தியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போயிருந்தது. மேலத்தெரு வீடுகள் நின்றன. பனைகளின் நிழலும் ஒருநாள் வரும் என்று ஊரில் கொஞ்சநாள் காத்திருந்தார்கள். மரம் இருந்த குழி ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய் நின்று பார்த்தார்கள். வரவில்லை. நுங்குக் காலம் வந்து, வெறுமனே போனது. அந்தக் கோபம் மட்டும் யாருக்கும் ஆறவில்லை.

மேகமூட்டமான இடத்தில் பிளேட்டுகள் எதற்கு என்று கம்பெனி அந்த வரிசைகளைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடிவுசெய்தது. வேறு இடத்துக்குப் புது ரோடு வேண்டும், ரோட்டுக்கு ஜல்லி வேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே மேலச்செங்குளத்தில் ஊசிப்பாறை நின்றது. கிராமப் பதிவேட்டில் அதுவும் கல்லாங்குத்துதான். தமயந்தி மூங்கிலை எடுத்துக்கொண்டு போய் அதையும் அளந்துவிட்டு வந்தாள்.

பாறை போகப்போகிறது என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை, மூன்று டிராக்டரிலும் ஒரு மினி பஸ்ஸிலுமாக மேலச்செங்குளத்து ஆட்கள் பூவாணிக்குளத்துக்கு வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். வேலுத்தாய் சான்றிட்ட நகலை எடுத்துக் காட்டினாள். அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். நாலரைக்கு நிழல் வந்தபோது மந்தையில் போய் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல், குளத்தங்கரை தொடும்வரை அதிலேயே இருந்தார்கள். சிலர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். எழுந்திருக்கும்போது அவர்களில் ஒருத்தி, செவந்திக்கனி என்று பெயர், நூறு நாள் வேலையில் கூட்டத்தை நடத்திக்கொண்டு போகிறவள், தமயந்தியிடம் வந்து கேட்டாள்.

"எங்க ஊசிப்பாறைய அளந்தீகளாமே. எத்தன நடை வரும்?"

"எண்பத்தோராயிரம் நடை வரும்," என்றாள் தமயந்தி.

செவந்திக்கனி திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தாள், தலையை எண்ணுவதுபோல. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"அப்ப எண்பத்தோராயிரம் தடவ லாரிக்கு முன்னால உக்காரணும். அவ்வளவுதான."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, முதல் நடைக்கு, உட்கார்ந்தார்கள்.